மெக்கின்லி: யுத்தத்தை வெறுத்தவர் திறந்து வைத்த கடல்வழி

2025 ஜனவரி 20ஆம் திகதி இரண்டாவது தடவையாகப் பதவியேற்ற அன்றே டொனல்ட் ட்ரம்ப் கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, அலஸ்காவிலுள்ள ஒரு மலையின் பெயரைப் பற்றியது. வட அமெரிக்காவிலேயே உயரமான அந்த மலையை அங்குள்ள பூர்வீகக் குடிகள் டெனாலி என்று அழைத்து வந்தனர். 2015இல் ஒபாமா நிர்வாகம் அந்தப் பெயரையே உத்தியோகபூர்வமாக்கியது. ட்ரம்ப் அதை நீக்கிவிட்டு மெக்கின்லி மலை என்ற பழைய பெயரைத் திரும்பக் கொண்டு வந்தார். பதவியேற்பு உரையிலும் அந்தப் பெயருக்குரியவரை வாயாரப் புகழ்ந்தார். இறக்குமதித் தீர்வைகளால் நாட்டைச் செல்வச் செழிப்பாக்கியவர் என்பது அந்தப் புகழ்ச்சியின் சாரம். பனாமா கால்வாயைத் திரும்ப எடுப்போம் என்றதும் அதே உரையில்தான். அதே நாட்களில் கிரீன்லாந்து பற்றிய பேச்சும் உலகெங்கும் அடிபட்டது.

வில்லியம் மெக்கின்லி அமெரிக்காவின் 25ஆவது ஜனாதிபதி. நம்மில் பலருக்கு இந்தப் பெயர் அவ்வளவு பரிச்சயமில்லை. ஆனால் அவருடைய நான்கரை ஆண்டுகால ஆட்சியின் விளைவுகள் நமக்குப் புதியவை அல்ல. குவாண்டனாமோ சிறைச்சாலை அமைந்திருக்கும் நிலம் அமெரிக்காவின் கைக்குப் போவதற்கு வழிவகுத்தது அவர் நடத்திய யுத்தம். தென் பிலிப்பைன்ஸின் மொரோ முஸ்லிம்களுடைய தலைவிதி வொஷிங்டனில் எழுதப்படத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். அமெரிக்காவின் கடல்கடந்த விரிவாக்கம் என்றதும் வரலாற்று நூல்கள் அவருக்குப் பின் வந்த தியோடர் ரூஸ்வெல்ட்டைத்தான் முன்னால் நிறுத்தும். ரூஸ்வெல்ட் யுத்தத்தை விரும்பியவர், அதை மறைக்கவும் இல்லை. ஆகவே அவரைப் புரிந்து கொள்வது இலகு. மெக்கின்லி அப்படிப்பட்டவர் அல்லர். சாந்தமானவர், மார்க்கப் பற்றுள்ளவர், யுத்தத்தின் கோரத்தைக் கண்ணால் கண்டவர். அப்படிப்பட்ட ஒருவரின் கையால் இது நடந்தது என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

1843 ஜனவரி 29ஆம் திகதி ஒஹையோ மாநிலத்தின் நைல்ஸ் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை இரும்பு உருக்கும் தொழில் செய்தவர். தாய் மெதடிஸ்த கிறிஸ்தவ மரபில் ஊறியவர், மகனை ஒரு மதகுருவாகக் காண ஆசைப்பட்டவர். உயர்கல்வி நோயினால் இடையில் நின்றது. சில காலம் பாடசாலை ஆசிரியராகவும் தபாலக லிகிதராகவும் இருந்தார். 1861இல் உள்நாட்டு யுத்தம் வெடித்தபோது பதினெட்டு வயதில் சாதாரண சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். மறுவருடம் அன்டீட்டம் என்ற இடத்தில் நடந்த சமரில் ஒரே நாளில் இரு தரப்பிலுமாக ஏறத்தாழ 23,000 பேர் கொல்லப்பட்டோ காயமடைந்தோ காணாமலோ போயினர். உணவு விநியோகத்துக்குப் பொறுப்பாக இருந்த இளம் மெக்கின்லி, குண்டுமழைக்கு நடுவே வண்டியை ஓட்டிச் சென்று முன்னணி வீரர்களுக்குச் சூடான கோப்பியும் உணவும் கொடுத்தார். 1865இல் மேஜர் தரத்துடன் படையிலிருந்து வெளியேறினார். அதன்பின் சாகும்வரை நெருங்கியவர்களுக்கு அவர் மேஜர்தான்.

சட்டம் படித்து ஒஹையோவின் கன்டன் நகரில் தொழில் தொடங்கிய அவர், 1871இல் ஐடா சக்ஸ்டன் என்ற பெண்ணை மணந்தார். பிறந்த இரண்டு பெண் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தனர். அந்தத் துயரத்தோடு ஐடாவை வலிப்பு நோயும் பற்றிக்கொண்டது. பிற்காலத்தில் வெள்ளை மாளிகை விருந்துகளில், சம்பிரதாயத்தை மீறி மனைவியைத் தன் பக்கத்திலேயே அமர வைத்துக் கொள்வார் மெக்கின்லி. வலிப்பு வந்தால் ஒரு கைக்குட்டையால் அவர் முகத்தை மெதுவாக மூடிவிட்டு, எதுவும் நடக்காதது போல உரையாடலைத் தொடர்வார். அவருடைய அரசியல் எதிரிகள்கூட இந்த ஒரு விடயத்தில் அவரை மதித்தனர்.

1876இல் காங்கிரசுக்குத் தெரிவானார். அங்கே அவர் ஒரே ஒரு துறையைப் பிடித்துக் கொண்டார். அது இறக்குமதித் தீர்வை. 1890இல் அவர் பெயரிலேயே நிறைவேறிய சட்டம் தீர்வைகளைச் சராசரியாக 50 சதவீதத்துக்கு அருகில் கொண்டு சென்றது. வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வராமல் சுற்றிவரச் சுவர் எழுப்பி, உள்ளூர்த் தொழிற்சாலைகளை வளர்ப்பதே அதன் நோக்கம். அன்றைய அமெரிக்காவின் மனநிலையும் அதுதான். வெளிநாடுகளின் சச்சரவுகளில் தலையிட வேண்டாம் என்று 1796இல் ஜோர்ஜ் வொஷிங்டன் விட்டுச் சென்ற அறிவுரையை வேதவாக்காகக் கொண்டிருந்தது அந்த நாடு.

ஆனால் இந்தத் தனித்திருத்தல் என்பது பாதி உண்மைதான். ஐரோப்பாவின் யுத்தங்களில் அமெரிக்கா தலையிடவில்லை, சரி. அதே நூறு ஆண்டுகளுக்குள் பூர்வீகக் குடிகளின் நிலங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. 1848இல் மெக்சிகோவின் ஏறத்தாழப் பாதி நிலப்பரப்பைப் பறித்துக் கொண்டது. விரிவாக்கம் ஒருபோதும் நிற்கவில்லை. நிலத்தில் நடந்ததால் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவே. 1890ஆம் ஆண்டு குடிசன மதிப்பீடு, மேற்கில் இனிக் குடியேற்ற எல்லைக்கோடு என்று ஒன்றில்லை என அறிவித்தது. அதாவது நிலம் முடிந்து கடல் வந்துவிட்டது. அதே ஆண்டில் கடற்படை அதிகாரி அல்பிரட் மஹான் எழுதிய நூல், கடலை ஆள்பவனே உலகை ஆள்வான் என்ற எண்ணத்தை அரசியல்வாதிகளின் மனதில் விதைத்தது. 1893இல் கடும் பொருளாதார நெருக்கடி வந்தது. தொழிற்சாலைகள் உள்நாட்டில் விற்க முடிந்ததைவிட அதிகமாக உற்பத்தி செய்கின்றன, வெளிச்சந்தை இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான் என்ற பயம் முதலாளிகளைப் பிடித்துக் கொண்டது.

மெக்கின்லியின் தீர்வைச் சட்டமே ஒரு நாட்டைக் கவிழ்த்த கதையும் உண்டு. ஹவாய்த் தீவுகளின் சீனி அதுவரை தீர்வையின்றி அமெரிக்காவுக்குள் வந்தது. ஏனைய நாடுகளுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. 1890 சட்டம் எல்லா நாடுகளின் சீனிக்கும் தீர்வையை நீக்கிவிட்டு, அமெரிக்காவுக்குள் உற்பத்தியாகும் சீனிக்கு மானியம் கொடுத்தது. ஹவாயிலிருந்த வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் இலாபம் சரிந்தது. அமெரிக்காவோடு இணைந்துவிட்டால் அந்த மானியம் தங்களுக்கும் கிடைக்கும் என்ற கணக்கும், அரண்மனையின் அதிகாரத்தை மீட்க முயன்ற ராணி லிலியோகலானி மீதிருந்த கோபமும் ஒன்றாகச் சேர்ந்தன. 1893இல் அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கி நிற்க, ராணி பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அப்போதைய ஜனாதிபதி கிளீவ்லண்ட் இது அநியாயம் என்று சொல்லி இணைப்பை மறுத்தார். பின்னர் ஹவாய் மக்கள் 21,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளுடன் வொஷிங்டனுக்கு மனு அனுப்பினர். அன்று அந்தத் தீவுகளில் எஞ்சியிருந்த பூர்வீக மக்களே ஏறத்தாழ 40,000 பேர்தான். 1898 ஜூலையில் மெக்கின்லி இணைப்பில் கையெழுத்திட்டார்.

இனி அவர் ஜனாதிபதியான கதைக்கு வருவோம். 1896 தேர்தலில் அவர் ஊர் ஊராகப் போகவில்லை. கன்டனில் தன் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருக்க, ரயில் ரயிலாக மக்கள் அவரைத் தேடி வந்தனர். ஓஹையோ முதலாளி மார்க் ஹன்னா தேர்தல் செலவுக்குப் பணம் திரட்டினார். 1897 மார்ச்சில் பதவியேற்றபோது, பிற நாட்டு நிலங்களைப் பிடிக்கும் யுத்தம் எதுவும் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார் என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் ஹவானா பக்கமிருந்து நெருப்பு மூண்டது. ஸ்பெயினின் கீழிருந்த கியூபாவில் 1895 முதல் விடுதலைப் போராட்டம். கிராமத்து மக்களை ஸ்பானிய ஜெனரல் வெய்லர் முகாம்களில் அடைக்க, பட்டினியாலும் நோயாலும் பல்லாயிரக் கணக்கானோர் மடிந்தனர். நியூயோர்க்கின் பத்திரிகைகள், குறிப்பாக ஹேர்ஸ்ட், புலிட்சர் ஆகிய இருவரின் பத்திரிகைகள், உண்மையோடு பொய்யையும் கலந்து விற்றன. 1898 பெப்ரவரி 15ஆம் திகதி ஹவானா துறைமுகத்தில் நின்ற மெயின் என்ற அமெரிக்க யுத்தக் கப்பல் வெடித்து 260க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர். ஸ்பெயின்தான் வெடி வைத்தது என்று தெருவெல்லாம் கூச்சல். பல தசாப்தங்கள் கழித்து, 1976இல் அட்மிரல் ரிக்கோவரின் ஆய்வு, கப்பலுக்குள் நிலக்கரி தீப்பிடித்ததே காரணமாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. ஈராக்கில் பேரழிவு ஆயுதம் தேடியதைப் பார்த்த நமது தலைமுறைக்கு இதில் ஆச்சரியம் எதுவுமில்லை.

மெக்கின்லி இரண்டு மாதங்கள் தாக்குப் பிடித்தார். முதுகெலும்பில்லாதவர் என்று கேலி செய்யப்பட்டார். இறுதியில் சண்டை நிறுத்தத்துக்கு ஸ்பெயின் இணங்கிய செய்தி கையில் இருக்கும்போதே, ஏப்ரல் 11ஆம் திகதி யுத்தத்துக்கான அனுமதியைக் காங்கிரசிடம் கேட்டார். நல்லவர்களின் பலவீனம் இதுதான் போலும். கெட்டதைத் தொடங்கமாட்டார்கள், ஆனால் கூட்டம் தள்ளும்போது குறுக்கே நிற்கவும் மாட்டார்கள்.

கியூபாவை விடுவிக்கத் தொடங்கிய யுத்தத்தின் முதலாவது பெரிய சமர் நடந்தது உலகின் மறுபக்கத்தில். மே 1ஆம் திகதி மணிலாக் குடாவில் அட்மிரல் டூயியின் கப்பல்கள் சில மணித்தியாலங்களில் ஸ்பெயினின் கப்பல்களை அழித்தன. சண்டையில் ஓர் அமெரிக்கர்கூடக் கொல்லப்படவில்லை. முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாக ஸ்பெயினின் பிடியிலிருந்த பிலிப்பைன்ஸில் அப்போது எமிலியோ அகினால்டோவின் விடுதலைப் படை மணிலாவைச் சுற்றி வளைத்திருந்தது. ஜூன் 12இல் அவர் சுதந்திரப் பிரகடனமும் செய்துவிட்டார். ஆகஸ்டில் அமெரிக்கத் தளபதிகளும் ஸ்பானியத் தளபதிகளும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒரு பொய்ச் சண்டை நடத்தினர். நகரம் அமெரிக்கர் கையில் ஒப்படைக்கப்பட்டது. பிலிப்பினோக்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

ஒக்டோபரில் மெக்கின்லி மத்திய மேற்கு மாநிலங்களில் சுற்றுப்பயணம் போனார். நாட்டுக்குப் புதிய பொறுப்புகள் வந்திருப்பதாகப் பேசும்போது கூட்டம் எந்த இடத்தில் கைதட்டுகிறது என்று கவனித்தார். திரும்பி வந்ததும், பிலிப்பைன்ஸ் முழுவதையும் கேளுங்கள் என்று பாரிஸில் பேச்சுவார்த்தை நடத்திக் கொண்டிருந்த தன் பிரதிநிதிகளுக்கு அறிவித்தார். டிசம்பர் 10ஆம் திகதி ஒப்பந்தம் முடிந்தது. புவர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காவுக்கு. பிலிப்பைன்ஸுக்காக ஸ்பெயினுக்கு 20 மில்லியன் டொலர். அந்தத் தீவுகளின் மக்கள் எவரும் கையெழுத்திட அழைக்கப்படவில்லை.

இந்த முடிவை எப்படி எடுத்தார் என்பதற்கு ஒரு பிரபலமான கதை இருக்கிறது. பல இரவுகள் தூக்கமின்றி நடந்து, மண்டியிட்டுப் பிரார்த்தித்து, அந்த மக்களை உயர்த்தி நாகரிகப்படுத்திக் கிறிஸ்தவர்களாக்குவதே தன் கடமை என்று தெளிவு பெற்றதாக, தன்னைச் சந்திக்க வந்த மதகுருமாரிடம் அவர் சொன்னாராம். அந்தச் சந்திப்பில் இருந்த ஒருவர் மெக்கின்லி இறந்த பின்னரே இதை வெளியிட்டார் என்பதால் வரலாற்றாசிரியர்கள் பலர் இதைச் சந்தேகத்தோடு பார்க்கின்றனர். எப்படியானாலும், பிலிப்பைன்ஸ் மக்களில் பெரும்பாலானோர் அதற்கு முந்நூறு வருடங்களுக்கு முன்பிருந்தே கத்தோலிக்கர்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களில் பெரும் பகுதியினர் தெற்கே மின்டானாவோவிலும் சூலு தீவுகளிலும் வாழ்ந்த முஸ்லிம்கள்.

அந்த முஸ்லிம்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்தலூஸில் தாம் தோற்கடித்த முஸ்லிம்களை ஸ்பானியர் மோரோ என்றே அழைத்தனர். கடல் கடந்து பிலிப்பைன்ஸ் வந்தபோது அங்கேயும் பாங்கோசை கேட்டது. அதே பெயரை இவர்களுக்கும் சூட்டினர். பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்தே சூலுவில் ஒரு சுல்தான் ஆட்சி இருந்தது. ஸ்பெயினால் அந்தப் பகுதியை ஒருபோதும் முழுமையாக அடக்க முடியவில்லை. தான் முழுமையாக ஆளாத ஒரு நிலத்தையும் சேர்த்துத்தான் ஸ்பெயின் விற்றது.

1899 பெப்ரவரி 4ஆம் திகதி இரவு மணிலாவில் அமெரிக்கப் படைக்கும் அகினால்டோவின் படைக்கும் சண்டை மூண்டது. இரண்டு நாள் கழித்து செனட் சபை 57க்கு 27 என்ற வாக்குகளால் பாரிஸ் ஒப்பந்தத்தை அங்கீகரித்தது. வடக்கே யுத்தம் பெருகும்போது தெற்கே முஸ்லிம்களும் ஆயுதம் எடுத்தால் சமாளிக்கப் போதிய படை இல்லை. அப்போது வொஷிங்டனுக்கு நினைவுக்கு வந்தவர் இஸ்தான்பூலில் இருந்த கலீபா, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத்.

அங்கே அமெரிக்கத் தூதுவராக இருந்த ஒஸ்கார் ஸ்ட்ராஸ் ஒரு யூதர். இராஜாங்கச் செயலாளர் ஜோன் ஹேயின் வேண்டுகோளின்படி அவர் சுல்தானைச் சந்தித்தார். நடந்ததைப் பின்னர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தார். அமெரிக்கா திரிப்போலியுடன் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் செய்த ஒப்பந்தத்தின் துருக்கி மொழிபெயர்ப்பைக் காட்டினாராம். அமெரிக்க அரசு கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல, முஸ்லிம்களின் மார்க்கத்தோடு அதற்குப் பகை இல்லை என்ற கருத்து அதில் இருந்தது. சுல்தான் மனம் இளகினார். மக்காவுக்கு வந்திருந்த சூலுத் தலைவர்கள் மூலம், அமெரிக்கர்களுடன் மோத வேண்டாம் என்ற செய்தி போனது. மெக்கின்லி ஸ்ட்ராஸுக்கு நன்றி தெரிவித்தார். இந்தச் செய்தி உண்மையில் எந்தளவு தாக்கம் செலுத்தியது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆனால் கலீபா அந்த வார்த்தையை நம்பினார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் திகதி ஜெனரல் பேட்ஸ், சூலு சுல்தான் இரண்டாம் ஜமாலுல் கிராமுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். அமெரிக்காவின் இறைமையைச் சுல்தான் ஏற்க வேண்டும். பதிலுக்கு மார்க்க விடயங்களில் தலையீடு இராது, சுல்தானின் உரிமைகளும் கண்ணியமும் காக்கப்படும், மாதாந்தம் 250 மெக்சிகோ டொலர் கொடுப்பனவு. சுல்தானின் சம்மதமின்றி ஜோலோவை வேறு நாட்டுக்கு விற்கவும் கூடாது. அங்கிருந்த அடிமை முறை தொடர்பான பகுதியைத் தவிர்த்து மெக்கின்லி இதற்கு ஒப்புதல் அளித்தார்.

தெற்கு அமைதியாக இருந்தது. வடக்கு எரிந்தது. அமெரிக்கப் படை 70,000 வரை பெருகியது. 4,200க்கும் அதிகமான அமெரிக்கர்களும் 20,000க்கும் அதிகமான பிலிப்பினோப் போராளிகளும் அந்த யுத்தத்தில் இறந்தனர். வன்முறை, பஞ்சம், நோய் ஆகியவற்றால் இறந்த பொதுமக்கள் 200,000 வரை இருக்கலாம் என்பது அமெரிக்க இராஜாங்கத் திணைக்களமே குறிப்பிடும் கணக்கு. கைதிகளின் வாயில் தண்ணீரை ஊற்றி நிரப்பிச் சித்திரவதை செய்தது 1902இல் செனட் விசாரணை வரை போனது. இவையெல்லாம் நடந்து கொண்டிருக்கும்போது மெக்கின்லியின் அறிக்கைகளில் கருணை, நன்மை, சகோதரத்துவம் என்ற சொற்களே நிறைந்திருந்தன.

அமெரிக்கர் எல்லோரும் இதற்கு வாய்மூடி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்தாளர் மார்க் ட்வைன், தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ், உருக்கு முதலாளி அன்ட்ரூ கார்னெகி போன்றோர் ஏகாதிபத்திய எதிர்ப்பு அமைப்பில் சேர்ந்தனர். மெக்கின்லியின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஜோர்ஜ் ஹோர் கடைசிவரை எதிர்த்தார். ஆனால் 1900 தேர்தலில் மெக்கின்லி முன்னையதைவிடப் பெரிய வெற்றி பெற்றார். தொழிற்சாலைகள் ஓடின, சம்பளம் கிடைத்தது. தூரத்துத் தீவுகளின் பிணங்களை வாக்காளர்கள் எண்ணவில்லை. 1901 மே மாதம் உயர் நீதிமன்றமும், புதிய தீவுகள் அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அரசியலமைப்பின் எல்லாப் பாதுகாப்புகளும் அங்குள்ளவர்களுக்குத் தானாகக் கிடைத்துவிடாது என்ற வகையில் தீர்ப்பளித்தது.

1901 செப்டெம்பர் 5ஆம் திகதி பஃபலோ நகரக் கண்காட்சியில் மெக்கின்லி பேசினார். தீர்வைச் சுவரின் சிற்பியே அன்று சுவரைத் தாழ்த்தச் சொன்னார். உலகத்தோடு விட்டுக்கொடுத்து வியாபாரம் செய்ய வேண்டும், ஒதுங்கியிருந்த காலம் முடிந்துவிட்டது என்பதே அவர் கருத்து. இன்று அவரைத் தீர்வைகளின் நாயகனாகக் கொண்டாடுவோர் இந்த உரையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

மறுநாள் மக்களோடு கைகுலுக்க வரிசையில் நின்றபோது, கையில் துணி சுற்றி வந்த லியோன் சோல்கோஸ் என்ற அராஜகவாதி அவரை இரண்டு தடவை சுட்டான். கீழே சாய்ந்தவர், கூட்டம் அந்த இளைஞனை அடிப்பதைக் கண்டு, அவனைத் துன்புறுத்த வேண்டாம் என்றார். அடுத்து, இதை மனைவிக்குப் பக்குவமாகச் சொல்லும்படி செயலாளரிடம் கேட்டுக் கொண்டார். எட்டு நாட்களின் பின், செப்டெம்பர் 14ஆம் திகதி உயிர் பிரிந்தது. வயது 58. அலஸ்காவை, தன் பெயர் தாங்கிய மலையை, அவர் ஒருபோதும் பார்த்ததில்லை.

பதவிக்கு வந்த ரூஸ்வெல்ட்டின் காலத்தில் வடக்கின் எதிர்ப்பு அடங்கியது. அகினால்டோ ஏற்கெனவே பிடிபட்டிருந்தார். இப்போது தெற்கிலே நிறையப் படை இருந்தது. 1904 மார்ச்சில், சூலுவுடனான ஒப்பந்தம் இனிச் செல்லாது என்று அமெரிக்கா தன்னிச்சையாக அறிவித்தது. தலைவரி விதிக்கப்பட்டது. அதை ஏற்க மறுத்த குடும்பங்கள் ஜோலோத் தீவிலுள்ள பூத் தாஹோ என்ற அவிந்த எரிமலையின் உச்சியில் அடைக்கலம் புகுந்தன. 1906 மார்ச்சில் ஜெனரல் லெனார்ட் வுட்டின் படைகள் பீரங்கிகளோடு அந்த மலையைச் சூழ்ந்தன. பெண்கள், குழந்தைகள் உட்பட 800 முதல் 1,000 பேர் வரை கொல்லப்பட்டனர். உயிர் தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். பிணக்குவியலின் மேல் சிப்பாய்கள் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. ரூஸ்வெல்ட் வுட்டுக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார்.

கியூபாவுக்கு 1902இல் சுதந்திரம் கொடுக்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில் மெக்கின்லி கையெழுத்திட்ட சட்டத்தின்படி, அமெரிக்கா தலையிடும் உரிமையையும் கடற்படைத் தளங்களுக்கு இடம் தரும் கடப்பாட்டையும் கியூபா தன் அரசியலமைப்பில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. அதன்படி 1903இல் குவாண்டனாமோ குத்தகைக்கு எடுக்கப்பட்டது. இரு தரப்பும் சம்மதித்தால் அல்லது அமெரிக்காவே கைவிட்டால்தான் குத்தகை முடியும். 2002 ஜனவரி முதல் ஏறத்தாழ 780 பேர் அங்கே அடைக்கப்பட்டனர். எல்லோரும் முஸ்லிம்கள், பெரும்பாலானோர் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதியப்படவில்லை. அது அமெரிக்க மண் அல்ல, ஆகவே அமெரிக்க நீதிமன்றத்தில் முறையிடும் உரிமை அவர்களுக்கில்லை என்று அரசு வாதாடியது. 2008இல் அந்த வாதத்தை நிராகரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள், மெக்கின்லி காலத்துத் தீவு வழக்குகளின் தீர்ப்புகளைத்தான் திரும்பப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த நிலத்துக்கு ஆண்டு வாடகை 4,085 டொலர். அமெரிக்கா காசோலை அனுப்பிக் கொண்டிருந்தது. காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்த 1959இல் ஒன்று மாற்றப்பட்டது. அதன்பின் வந்தவற்றைக் கியூபா வங்கியில் போடவில்லை.